முதல் தண்ணீர் யார் தலையில்

மோல்மேன்,
புத்தாண்டு நாள், பிற்பகல்

புத்தர், தருமம், சங்கம் ஆகிய மூன்றின் நிழலில் மாண்டலேயில் வாழும் என் அருமைத் தங்கை ஹ்லா மேவுக்கு அக்கா மியா யீ எழுதுவது. இங்கு நான் நலம். மகள் யமின் நலம். வாசல் பலா காய்த்திருக்கிறது. உன் முழங்கால், உன் வீட்டுக்காரரின் இருமல், உங்கள் வீட்டுக் கிணறு ஆகிய மூன்றும் இந்த ஆண்டில் சரியாக வேண்டுமென்று மடத்தில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். யார் மீதும் வருத்தமோ பொறாமையோ இல்லாமல், கழுவித் துடைத்த மனத்தோடு இதை எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

எதிர்வீட்டு ஓன் ஷ்வேயை உனக்கு நினைவிருக்கும். நான் ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தபோது மூக்கொழுகிக்கொண்டு ஒன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்து சிலேட்டைக் கடித்துத் தின்றாளே, அவளேதான். இப்போது வெறுமனே ஓன் ஷ்வே என்று சொன்னால் தெரு முறைக்கிறது, ‘தோ ஓன் ஷ்வே’ என்று மரியாதை சேர்த்துச் சொல்ல வேண்டுமாம். ஊரில் பெண்கள் எல்லோரும் வயதை இறக்கிக்கொண்டிருக்க இவள் ஒருத்தி மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறாள். எழுபதை இப்போதுதான் தொட்டவள், எழுபத்திரண்டு என்கிறாள். ஏன் தெரியுமா? திஞ்ஞான் திருவிழா முடிந்து புத்தாண்டு பிறக்கிற நாளில் நம் தெரு இளசுகள் பெரியவர்களை வரிசையாக உட்காரவைத்துத் தலை அலசிவிடுகிறார்கள் அல்லவா, அதில் மூத்தவர் தலைக்குத்தான் முதல் தண்ணீர். முதல் நாற்காலி, முதல் கும்பிடு, முதல் புது லுங்கி எல்லாம் அவருக்கு. மற்றவர்களுக்கு அண்டாவின் அடித் தண்ணீர். மூன்று வருஷமாக அந்த நாற்காலியில் இவள்தான் கண்ணை மூடிக்கொண்டு சாமி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள்.

என் விஷயம் உனக்குத் தெரியும். உன் அத்தான் என்னைவிட நாலு வயது சிறியவர் என்பதால், அவர் வீட்டார் பெண் கேட்டு வந்தபோது அம்மா என் வயதில் ஆறைக் குறைத்துச் சொன்னாள். அது பொய்யில்லை, ஒரு ஏற்பாடு. அப்படியே அடையாள அட்டையிலும் ஏறிவிட்டது. அம்மா போனாள், மாமியார் போனார், உன் அத்தானும் போய்விட்டார், அந்த ஆறு மட்டும் திரும்பி வரவேயில்லை. உன் அத்தானுக்குக்கூடக் கடைசிவரை தெரியாது. அந்த மனிதருக்குத்தான் கணக்கு என்பதே வராதே. என் பிறந்த நாளுக்குக் கோயிலில் வயதுக்கு ஏற்ற மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், எண்ணி வாங்கி வாருங்கள் என்றால் ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் அதிகமாகவே வாங்கி வந்து, ஒன்றுவிடாமல் ஏற்றியும் வைப்பார். நான் வழி நெடுகத் திட்டிக்கொண்டே வருவேன். ஆக, எழுபத்து நாலு வயதான நான் இந்தத் தெருவில் அறுபத்தெட்டு. இதுநாள்வரை அதில் எனக்கு லாபம்தான். அத்தைக்கு இந்த வயதில் எவ்வளவு கருகருவென்று முடி என்பார்கள். சாயம் நீ அனுப்புவது என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வருஷம் யமின் பினாங்கிலிருந்து வந்தாள். ஆறு வருஷமாக அங்கே துணி ஆலையில் வேலை, ஒரு திஞ்ஞானுக்கும் வர முடியவில்லை. வந்த மறுநாளே தெரு இளைஞர் சங்கத்துத் தலைவன் கோ ஸோ வின் வந்து நிற்கிறான். தூரதேசம் போய்த் திரும்பிய பிள்ளை, இந்த வருஷம் முதல் தண்ணீரை அவள் கையால் ஊற்ற வேண்டும் என்கிறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அவனுக்குத் தேயிலை ஊறுகாயை வறுத்த பூண்டோடு பிசைந்து தட்டு நிறைய வைத்தேன். அவன் அதைத் தின்று முடித்துவிட்டு, ‘தோ ஓன் ஷ்வே தலையில ஊத்துறது புண்ணியம்’ என்றான். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். யமின் சிரித்த முகமாக, சந்தோஷமாச் செய்றேன் அண்ணா என்று சொல்வது அடுக்களைவரை கேட்டது. நான் பெற்ற பிள்ளை, நான் எண்ணெய் தேய்த்து வளர்த்த கை, அது சிலேட்டுத் தின்றவளின் தலையில் முதல் தண்ணீர் ஊற்றப் போகிறது. நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? நான் அன்று சாப்பிடவில்லை. பசிக்கவில்லை என்று சொன்னேன், யமினும் நம்பிச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டாள்.

சாயங்காலம் பொறுக்கமாட்டாமல் கேட்டேன்.

“அப்ப என் தலைக்கு யாரு ஊத்துறது?”

“வரிசையில உன் முறை வரும்போது யாராச்சும் ஊத்துவாங்கம்மா. அங்கதான் நிறையப் பிள்ளைங்க இருக்கே.”

யாராச்சும். வரிசையில் நான் ஆறாவது, ஹ்லா மே. ஓய்வுபெற்ற தபால்காரருக்கும் காது கேட்காத தையல்காரிக்கும் அடுத்து. தபால்காரருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது, அவருக்குக்கூட எனக்கு முன்னால் சீயக்காய். ஒரே வார்த்தையில் நாற்காலியைப் பிடித்துவிடலாம், எனக்கு எழுபத்து நாலு என்று சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு நான் என் அறுபத்தெட்டைக் கொடுக்க வேண்டும். அது எனக்கு முடியவில்லை. புண்ணியத்தாலேயே அவளை ஜெயித்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

முதலில் வாசல் பானை. இந்திரன் இறங்கி வரும்போது வரவேற்க வைக்கிற பூப்பானை இந்த வருஷம் தெருவிலேயே பெரியதாக இருக்க வேண்டுமென்று நெல் கொட்டுகிற குதிரில் பாதி உயரத்துக்கு ஒன்று வாங்கினேன். பானை வந்துவிட்டது, பூ இல்லை. முதல் மழைக்கு ஊர் முழுக்க வேங்கை பூத்திருக்கிறது என்கிறார்கள், ஆனால் நம் தெருவில் வேங்கை மரம் இருப்பது அவள் வீட்டு வாசலில் மட்டும்தான். நம் வாசலில் இருப்பது பலா. நான் பலா இலையைக் கிள்ளிப் பானையில் சொருகிக்கொண்டிருக்கிறேன், யமின் எதிர்வீட்டு ஏணியில் ஏறி அவளுக்குப் பூப் பறித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். பிறகு இரண்டு கை நிறைய மஞ்சளாக அள்ளிக்கொண்டு வந்து, ‘ஓன் ஷ்வே பெரியம்மா நமக்கும் குடுத்தாங்கம்மா’ என்றாள். இந்திரன் என் வாசலுக்கு வந்து அவள் பூவை மோந்து பார்த்துவிட்டுப் போனார். புண்ணியம் யாருக்குப் போயிருக்கும் என்று நீயே சொல்.

அடுத்தது மடம். திருவிழா முடியும்வரை அங்கேயே தங்கி எட்டுச் சீலம் காக்கிறேன் என்று வெள்ளைச் சட்டை, பழுப்பு லுங்கி, ஜெபமாலையோடு போனேன். எனக்கு முன்னாலேயே போய்த் தூணோரம் காற்று வருகிற இடத்தில் பாய் போட்டிருக்கிறாள். நடுப்பகலுக்குப் பிறகு வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது, சரி, அதில்தான் நான் கெட்டிக்காரி என்று நினைத்தேன். ஆனால் முற்பகலிலேயே, மியா யீ இந்தாங்க என்று அன்பாக ஒரு வெல்லக் கொழுக்கட்டையை என் தட்டில் வைத்தாள். பொடிசுகள் விளையாட்டுக்கு வெல்லத்துக்குப் பதில் பச்சைமிளகாய் வைத்து உருட்டுவார்களே, அந்தக் கொழுக்கட்டை. தெரியாமல் கொடுத்தேன் என்று சத்தியம் செய்கிறாள், சீலம் எடுத்தவள் பொய் சொல்லக் கூடாது, ஆகவே நான் நம்பியாக வேண்டும். திட்டவும் முடியாது, நாங்கள் அத்தனை பேரும் அன்றைக்குக் கடுஞ்சொல் பேச மாட்டோம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தேன். பக்கத்துப் பாய்க்காரி என்னைப் பார்த்துவிட்டு, பக்தியில் உருகுகிறார் என்று பிக்குவிடம் போய்ச் சொன்னாள்.

அந்தப் பிக்குவுக்கு அன்று பேச வேறு பொருள் கிடைக்கவில்லை. பிறர் மகிழ்ச்சியைக் கண்டு மகிழ வேண்டும் என்பதைப் பற்றியே பேசினார். எதிர்வீட்டு மாமரம் காய்த்தால் உன் நாக்கு இனிக்க வேண்டும் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார், அல்லது எனக்கு நேர் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார். எதிரிக்கும் நன்மையை நினைத்து மாலை உருட்டுங்கள் என்றார். உருட்டினேன். ஓன் ஷ்வே நலமாயிருக்கட்டும், ஓன் ஷ்வே நோயின்றி இருக்கட்டும், ஓன் ஷ்வே மன அமைதியோடு ஆறாவது நாற்காலியில் இருக்கட்டும். இப்படியே மாலை முழுவதும் உருட்டி முடித்தேன், மனம் கொஞ்சம் லேசாகத்தான் இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் எனக்கு முன்னாலேயே முடித்துவிட்டு விசிறிக்கொண்டிருக்கிறாள்.

மீன் விட்ட கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. அவள் சின்னப் பானையில் பொடி மீன்கள் கொண்டுவந்து படித்துறையில் குனிந்து நாசூக்காக ஆற்றில் விட்டாள். நான் சந்தையிலேயே பெரிய விராலாக வாங்கி வாளியில் தூக்கிக்கொண்டு போனேன். உயிர் பெரிதென்றால் புண்ணியமும் பெரிதுதானே. போய்ப் பிழைத்துக்கொள் என்று நான் மந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அது வாளியிலிருந்து ஒரு துள்ளு துள்ளிப் பக்கத்தில் கட்டியிருந்த செம்படவன் படகுக்குள் போய் விழுந்தது. அவன் என்னைப் பார்த்துக் கைகூப்பி, சாது சாது என்று சொல்லிவிட்டுப் படகை அவிழ்த்தான்.

இன்று காலை புத்தாண்டு. சீலத்தை முடித்துக்கொண்டு, இனி இந்த நாற்காலி யாருக்குப் போனால் எனக்கென்ன என்று பற்றெல்லாம் அறுத்தவளாகத்தான் வீட்டுக்கு வந்தேன். யமின் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். அடுக்களையில் நம் அம்மாவின் மண்பானை. வாழையிலை போட்டு மூடியிருந்தது. திறந்தால் தலை அலசுகிற தயோ பட்டையும் சீயக்காயும் கொதித்து ஆறின தண்ணீர், எலுமிச்சை பிழிந்து, வேங்கைப்பூ மிதக்கவிட்டு, வாசனை தூக்குகிறது. சந்தையில் விற்கிற பாக்கெட் தண்ணீர் இல்லை, கையால் பட்டை தட்டிச் செய்தது. பக்கத்தில் புதுச் சீப்பு. எனக்கு வந்ததே பார், நான் மடத்தில் விட்டுவிட்டு வந்த கோபம் அத்தனையும் எனக்கு முன்னால் வீட்டுக்கு வந்து காத்திருந்திருக்கிறது. என் வீட்டில், என் அம்மாவின் பானையில், என் மகள் கையால் அவளுக்கு ஸ்பெஷல் தண்ணீரா? நான் யோசிக்கவில்லை ஹ்லா மே. பானையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்கட்டுப் பீர்க்கங்கொடிக்கு ஒரு சொட்டு விடாமல் ஊற்றிவிட்டு, முகத்தில் தனகாப் பட்டைச் சாந்து பூசி, நல்ல லுங்கி உடுத்தி, நேரே தெருப்பந்தலுக்குப் போனேன்.

அங்கே கோ ஸோ வின் மைக்கைப் பிடித்து, நம்ம தெருவிலேயே மூத்தவங்க, எழுபத்திரண்டு வயசு தோ ஓன் ஷ்வே, முதல் நாற்காலிக்கு வாங்க என்று கூப்பிட்டான். அவள் லுங்கியைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள். என் கால் என்னைக் கேட்காமல் எழுந்தது.

“தம்பி, எனக்கு எழுபத்து நாலு.”

அவன் மைக்கைப் பொத்திக்கொண்டு, அத்தை, வெயில் ஜாஸ்தியா இருக்கு, கரும்புச்சாறு குடிக்கிறீங்களா என்று கேட்டான்.

“சாறு அப்புறம் குடிக்கிறேன். நான் அஞ்சாங் கிளாஸ்ல இருந்தப்ப இவ ஒண்ணாங் கிளாஸ். சிலேட்டைத் தின்னவ. இவளுக்கு எழுபதுதான். கேளு, சீலம் காத்துட்டு வந்திருக்கா, பொய் சொல்ல மாட்டா.”

பந்தல் முழுவதும் திரும்பி ஓன் ஷ்வேயைப் பார்த்தது. அவள் முகம் சுண்டிப்போகும் என்று எதிர்பார்த்தேன். சுண்டவில்லை. கையைக் கட்டிக்கொண்டு தேன் மாதிரிச் சிரித்தாள்.

“ஆமாப்பா, நிஜந்தான். அக்காதான் மூத்தவங்க. அவங்க வாயாலயே சொல்லட்டும்னு பேசாம இருந்தேன்.”

அக்கா என்றாள். அறுபது வருஷமாக மியா யீ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவள், தெருவே கேட்க அக்கா என்றாள். உடனே கோ ஸோ வின் மைக்கில், பாட்டிக்கு வழி விடுங்க என்றான். போன வாரம்வரை அத்தை என்று கூப்பிட்டு என் தேயிலை ஊறுகாயைத் தின்றவன். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தால் அது கொஞ்சம் ஆடுகிறது, ஒரு கால் குட்டை, இத்தனை வருஷம் அவள் எப்படி அசையாமல் இருந்தாளோ தெரியவில்லை.

அப்போதுதான் யமின் வந்தாள். கையில் நம் மண்பானை, வெறும் பானை. முகம் வாடியிருந்தது. என்னைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள், பொது அண்டாவிலிருந்து தண்ணீரை மொண்டுவந்து என் தலையில் ஊற்றி அலச ஆரம்பித்தாள். அலசிக்கொண்டே குனிந்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“தெருவுல யாருக்கு வேணா ஊத்தறேன், உனக்கு வீட்ல மொதல்ல ஊத்திடணும்னுதான் விடியறதுக்குள்ள எழுந்து பட்டை தட்டி வச்சேன். ஆறு வருஷமா அங்க ஆஸ்டல்ல, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் இதையேதான் நினைச்சுப்பேன். பானையைத் தொறந்தா ஒண்ணும் இல்ல. யாரும்மா கொட்டினது?”

பூனை என்று சொல்லலாம். வாயில் வந்துவிட்டது. ஆனால் ஆண்டு பிறந்து ஒரு வேளைகூட ஆகவில்லை.

“பீர்க்கங்கொடிக்கு ஊத்திட்டேன்” என்றேன்.

என் தலையிலிருந்த கை நின்றது. பிறகு குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாள் என்று நினைத்துத் திரும்பினால் சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே, வயசை வேற ஊருக்கே சொல்லிட்டியாமே என்றாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

“சின்ன வயசுலயே தெரியும். அப்பாதான் சொன்னார். ‘உங்கம்மா எனக்கு மூத்தவ, அது எனக்குத் தெரியாத மாதிரி இருந்தாத்தான் அவளுக்கு நிம்மதி, நீயும் இருந்துக்கோ’ன்னு சொன்னார்.”

ஹ்லா மே, அந்த மெழுகுவத்திகளை நினைத்துப் பார். அந்த மனிதருக்குக் கணக்கு நன்றாகவே வந்திருக்கிறது. குறைவாக ஏற்றினால் என் ஆயுளுக்கு ஆகாது என்று ஒவ்வொரு வருஷமும் அந்த ஆறையும் சேர்த்து வாங்கி, நான் திட்டத் திட்ட ஏற்றியிருக்கிறார். நான் அழுதேன். சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள், ஒரு பெண் துண்டு கொடுத்தாள். தலை துவட்டியதும் முறைப்படி யமினுக்கு ஆசி சொன்னேன். நீண்ட ஆயுள், நல்ல துணை, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வேலை என்று சொன்னேன். கடைசியாக ஓன் ஷ்வேயையும் கூப்பிட்டுப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னேன். பொய்யை இறக்கி வைத்தால் உடம்பு இவ்வளவு லேசாகும் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. எழுபத்து நாலு என்பது ஒன்றும் கெட்ட எண் இல்லை. இனி என் வாழ்நாளில் வயதைப் பற்றியோ ஓன் ஷ்வேயைப் பற்றியோ ஒரு சொல் குறைவாகப் பேச மாட்டேன்.

உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் தொண்ணூற்றாறு நோய்களும் அண்டாத ஆண்டாக இது அமையட்டும். நீ போகிற வழியில் முள் இல்லாமல், வருகிற வழியில் பகை இல்லாமல், கிணற்றில் தண்ணீர் வற்றாமல் இருக்க மலைக்கோயில் இருக்கும் திசை நோக்கிக் கும்பிட்டு முடிக்கிறேன்.

அன்பும் ஆசியும் உள்ள அக்கா,
மியா யீ

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டேன், வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். எதிர்வீட்டில் கூட்டம். எழுபதா, நம்பவே முடியலையே, ஐம்பத்தஞ்சு மாதிரி இருக்கீங்களே என்று இளசுகள் அவளைச் சுற்றி நின்று வியக்கிறார்கள். அவள் வெட்கப்பட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் சின்னதிலேயே சேர்த்துவிட்டார்கள், சரியாகச் சொன்னால் அறுபத்தெட்டுதான் என்கிறாள். நான் காலி செய்த அறுபத்தெட்டில் அவள் குடியேறிவிட்டாள் ஹ்லா மே. கோ ஸோ வின் அவளை அத்தை என்று கூப்பிடுகிறான். யமின் வேறு அவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டிருக்கிறாள். ஆகவே மேலே எழுதியதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. அடுத்த பௌர்ணமிக்கு நீ அவசியம் இங்கே வர வேண்டும். வரும்போது சாயம் பூசாமல் வா, முழங்கால் வலியை மறைக்காமல் நட. பந்தலில் வெயில் தாங்காமல் உன் வயதை என் வயதென்று மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று கோ ஸோ வினிடம் இப்போதே போய்ச் சொல்லப் போகிறேன். யார் கேட்டாலும் நீதான் அக்கா, நான்தான் தங்கை. என் சாயத்தை மறக்காமல் எடுத்துவா.